நடமாடும் வண்டிக்கு ஏற்ற சேமக்கலம்

கண்காட்சிக்கும் மருத்துவ முகாமிற்கும் சிற்றூர்தோறும் செல்லும் இழுவை வண்டிகளில் விளக்கு, விசிறி, ஒலிபெருக்கி ஆகியவற்றை இயக்குவது பெரும்பாலும் 12 வோல்ட் சேமக்கலம், அதாவது பாட்டரி. மின்னழுத்தம் குறைவாதலின் இதனால் தீங்கு நேராது என்று பலர் கருதுகின்றனர். இது முழு உண்மையன்று. உலர்ந்த கையால் தொடின் அதிர்ச்சி தோன்றாது. ஆயின் இரு முனைகளும் நேரே இணைந்துவிடின், பல நூறு ஆம்பியர் மின்னோட்டம் பாய்ந்து கம்பி பழுக்கக் காய்ந்து வண்டி தீப்பற்றக்கூடும்.

வகை: மோட்டார் எஞ்சினைக் கிளப்பும் சேமக்கலத்தில் மெல்லிய ஈயத் தகடுகள் பல உள்ளன. சில விநாடிகளுக்கு மிகுந்த மின்னோட்டம் தருவதே அதன் பணி. மணிக்கணக்கில் விளக்கெரிக்கப் பயன்படுத்தின் அது விரைவில் கெடும். இப்பணிக்குத் தடித்த தகடுகளுடைய, ஆழ்ந்த மின்னிறக்கத்தைத் தாங்கும் வகையே தக்கது.

அளவு: விளக்குகளுக்கு 40 வாட், விசிறிக்கு 30 வாட், ஒலிபெருக்கிக்கு 50 வாட் எனக் கொள்வோம், ஆக 120 வாட். இவை 4 மணி நேரம் இயங்கின் 480 வாட்-மணி தேவை. இதனை 12 ஆல் வகுக்க 40 ஆம்பியர்-மணி கிடைக்கும். ஈயச் சேமக்கலம் நெடுநாள் உழைக்க அதன் கொள்ளளவில் பாதியை மட்டுமே செலவிடுதல் நன்று. எனவே 80 ஆம்பியர்-மணி வேண்டும். நாளடைவில் கொள்ளளவு குன்றுமாதலின் 100 ஆம்பியர்-மணிக் கலத்தைத் தேர்ந்தெடுக்கலாம். லித்தியம் இரும்பு பாஸ்பேட் வகையில் ஐந்தில் நான்கு பங்கு வரை பயன்படுத்தலாம், எடையும் குறைவு. ஆயின் அதற்கென அமைந்த மின்னேற்றி தேவை.

இணைப்பு: மேற்கூறிய சுமை 10 ஆம்பியர் மின்னோட்டத்தை இழுக்கும். கருவிகள் 5 மீட்டர் தொலைவில் இருப்பின், போக வர 10 மீட்டர் கம்பி வேண்டும். 2.5 சதுர மில்லிமீட்டர் செம்புக் கம்பியில் ஏறத்தாழ 0.7 வோல்ட் இழப்பு நேரும். 6 சதுர மில்லிமீட்டர் கம்பியில் 0.3 வோல்ட் மட்டுமே. ஆகவே தடித்த கம்பியே ஏற்றது.

நேர்முனைக்கு மிக அருகில் 15 ஆம்பியர் ஃப்யூஸ் ஒன்றை அமைத்தல் இன்றியமையாதது. ஃப்யூஸ் முதன்மையாகக் காப்பது கம்பியை, கருவியை அன்று. முனைக்கும் ஃப்யூஸுக்கும் இடைப்பட்ட கம்பிக்கு எவ்விதக் காப்பும் இல்லை. எனவே அது இயன்ற அளவு குறுகியதாக இருத்தல் வேண்டும்.

காப்பு: மின்னேற்றும்போது ஈயச் சேமக்கலத்தினின்று ஹைட்ரஜன் வாயு வெளிப்படும். காற்றோட்டமுள்ள பெட்டியில் கலத்தை அசையாது பிணித்து வைத்து, அருகில் தீயையும் பொறியையும் தவிர்க்க வேண்டும். எதிர்முனை வண்டியின் இரும்புச் சட்டத்துடன் இணைந்திருக்குமாதலின், கழற்றும்போது அதனை முதலிலும் பூட்டும்போது இறுதியிலும் கையாளுக. அப்போது நேர்முனையைத் திருகும் ஸ்பானர் சட்டத்தின்மீது பட்டாலும் மின்பொறி எழாது.