கிளை நூலகத்தில் கற்றவை

மனத்துக்குப் பிடித்த உத்தியோகம் வாய்த்தால்தான் அதில் சந்தோஷம் காண முடியும் என்று சொல்கிறவர்களுக்கு, சீர்காழியில் 1892-ஆம் ஆண்டு பிறந்த எஸ். ஆர். ரங்கநாதனின் சரித்திரத்தையே நான் பதிலாகச் சொல்வது வழக்கம். சென்னை மாநிலக் கல்லூரியில் கணிதம் போதித்துக்கொண்டிருந்த அவர், 1924-இல் சென்னைப் பல்கலைக்கழகத்தின் நூலகராகப் பொறுப்பேற்ற சில நாட்களுக்குள்ளாகவே, பேச்சுத் துணைக்கும் ஆளில்லாத அந்தத் தனிமையைத் தாங்கமாட்டாமல், தம்மைப் பழைய வகுப்பறைக்கே திருப்பி அனுப்பிவிடும்படி கல்லூரி முதல்வரிடம் போய் மன்றாடினார். முதலில் இங்கிலாந்துக்குப் போய்ப் பயிற்சி பெற்று வாரும், அதன் பிறகும் இதே எண்ணம் இருந்தால் பார்க்கலாம் என்று அவருக்குச் சமாதானம் சொல்லப்பட்டது. அந்நாட்டுப் பொது நூலகங்களுக்குச் சாமானிய ஜனங்களும் சிறு குழந்தைகளும் உரிமையோடு வந்துபோவதைப் பிரத்தியட்சமாகக் கண்டு, 1925-இல் நாடு திரும்பியவர், அதன்பின் ஏறத்தாழ இருபது ஆண்டுக் காலம் அந்த நூலகத்தை விட்டு அகலவே இல்லை. தாம் யாருக்காக உழைக்கிறோம் என்பது அவருக்குத் தெரிந்துவிட்டது. மற்றதெல்லாம் அதிலிருந்து விளைந்தது.

கிராமத்துக் கிளை நூலகங்களிலேயே என் உத்தியோக காலத்தைக் கழித்த நான், அந்தப் பெரியவரின் வழியைச் சிறிய அளவில் பின்பற்றிப் பார்த்தேன். நாளிதழ்களை மேசையில் பரப்புவதும், தேதிச் சீட்டில் முத்திரை குத்துவதும், வருகைப் பதிவேட்டைச் சரிபார்ப்பதும் செய்தே ஆகவேண்டிய கடமைகள். ஆனால், அவற்றோடு நின்றுவிட்டால் மனம் வறண்டுபோகும் என்பது என் திடமான அபிப்பிராயம். ஆகவே, வாசகர்கள் திருப்பித் தந்த நூல்களை அலமாரியில் கொண்டுபோய் வைக்கும் வேலையை எவரிடமும் ஒப்படைக்காமல் நானே செய்து வந்தேன். ஊரார் எதை விரும்பிப் படிக்கிறார்கள் என்பது அதனால் கைக்கே தெரிந்துபோகும். தவிரவும், நூலகரின் மேசைக்கு எதிரே, தாலுகா அலுவலகத்தில் மனுக் கொடுக்க வந்தவரைப் போலக் கூசி நிற்கிற மனிதர், அலமாரிகளுக்கு நடுவே பக்கத்தில் வந்து நின்றால் மனம் விட்டுப் பேசுவார்.

ஒரு மாலை, முதியவர் ஒருவர் விவசாய நூல்கள் இருந்த தட்டின் முன் நின்று அட்டைப் படங்களை ஒவ்வொன்றாகப் பார்த்துக்கொண்டிருந்தார்.

“என்னய்யா தேடுறீங்க?” என்று கேட்டேன்.

“எனக்குப் படிக்கத் தெரியாது சார். தென்னையில பூச்சி விழுந்திருக்கு. ஓலையெல்லாம் கத்தரிச்சு விட்ட மாதிரி விரியுது.”

தென்னை நோய்கள் பற்றிய நூலொன்றை எடுத்து, காண்டாமிருக வண்டின் படம் இருந்த பக்கத்தை விரித்துக் காட்டினேன். “இதேதான்!” என்று அந்தக் கொம்பின் மேல் விரலை வைத்தார். மறுநாள் பேரனை அழைத்துவந்து பெஞ்சில் உட்கார்த்தினார். வண்டின் புழுக்கள் எருக்குழியில்தான் வளர்கின்றன என்பதையும், குருத்துக்குள் புகுந்த வண்டைக் கொக்கிக் கம்பியால் குத்தி வெளியே எடுக்க வேண்டும் என்பதையும் சிறுவன் உரக்கப் படிக்க, நாளிதழ் வாசித்துக்கொண்டிருந்த இருவரும் அதை மடித்து வைத்துவிட்டுக் கேட்கத் தொடங்கினார்கள். அமைதி காக்கச் சொல்லும் பலகைக்குக் கீழேயே அவர்கள் உட்கார்ந்திருந்தாலும், தடுக்க எனக்கு மனம் வரவில்லை. அந்த நூலின் தேதிச் சீட்டில் அதுவரை ஒரு முத்திரைகூட விழுந்திருக்கவில்லை. ஒவ்வொரு நூலுக்கும் அதற்குரிய வாசகர் உண்டு என்று ரங்கநாதன் 1931-இல் தம் நூலில் வகுத்துரைத்த விதியை, பரீட்சைக்குப் படித்தபோது நான் உணரவில்லை, அன்றைக்கு உணர்ந்தேன். அதுமுதல், என்ன புத்தகம் வேண்டும் என்று கேட்பதற்கு முன், என்ன காரியமாக வந்தீர்கள் என்று கேட்பதை வழக்கமாக்கிக்கொண்டேன்.

உடன் வேலை செய்கிறவர்களிடம் கற்றுக்கொள்ளவும் விஷயம் நிறைய உண்டு. காலையில் கூட்டித் துடைக்க வரும் அம்மாள் ஒருவர், “இந்தக் கீழ்த் தட்டுல மட்டும் தூசியே உக்கார மாட்டேங்குது சார், பிள்ளைங்க எடுத்துக்கிட்டே இருக்குதுங்க. மேல இருக்கிறது அதுகளுக்கு எட்டல” என்று சொன்னபோது, பதிவேட்டில் காணாத செய்தி ஒன்று எனக்குக் கிடைத்தது. சிறுவர் நூல்கள் அனைத்தையும் அன்றே இருவருமாகக் கீழ்த் தட்டுகளுக்கு இறக்கினோம். எந்தப் படக்கதை எங்கே இருக்கவேண்டும் என்பதை அவரே தீர்மானித்தார். அவருடைய யோசனை என்று வாசகர் வட்டக் கூட்டத்தில் நான் பெயர் சொல்லி அறிவித்த பின்பு, அவர் நூலகத்தைத் தம்முடையதாகவே பாவித்துப் பேசலானார். பாராட்டைத் தனியே சொல்வதைவிட நாலு பேர் முன்னிலையில் சொல்வது நலம். கண்டிக்க நேர்ந்தால் இதற்கு நேர்மாறாகச் செய்யவேண்டும். ஒரே நாளிதழுக்காகப் பெரியவர்களுக்குள் தினமும் மூளும் சச்சரவோ, தாள்களைத் தனித்தனியே பிரித்து வைத்ததோடு அடங்கிவிட்டது.

1948-ஆம் ஆண்டின் பொது நூலகச் சட்டத்தின்படி, நீங்கள் செலுத்தும் வீட்டு வரியோடு நூலக வரியும் சேர்ந்தே வசூலாகிறது. ஆகையால் உங்கள் ஊர் நூலகத்தில் கேட்பதற்கு உங்களுக்குப் பூரண உரிமை உண்டு. அடுத்த முறை அங்கே போகும்போது, உங்களுக்கு ஆகவேண்டிய காரியம் இன்னதென்று நூலகரிடம் வாய்விட்டுச் சொல்லுங்கள். அவரையும் எழுந்து அலமாரிவரை உங்களோடு வரச் சொல்லுங்கள்.