'கிம்லெட்' சொல்லும் எலுமிச்சைப் பாடம்!

'ஜின்ல எலுமிச்சைச் சாறு கலந்துதானே குடிக்கிறாங்க... உடம்புக்கு நல்லதுதானே?' என்று யாராவது உங்களிடம் சொல்கிறார்களா? அவர்களுக்கு 'கிம்லெட்' கதையைச் சொல்லுங்கள்.

ஜின்னும் எலுமிச்சைச் சாறும் கலந்த காக்டெயில்தான் கிம்லெட். பிரிட்டிஷ் கப்பற்படையில் பிரபலமானது. இதன் பூர்வீகம் ஒரு நோயில் இருக்கிறது. ஸ்கர்வி! மாதக்கணக்கில் பழம், காய்கறி இல்லாமல் கடலில் இருந்தவர்களுக்கு ஈறு வீங்கி ரத்தம் கசியும், பல் ஆடும், கடைசியில் உயிரே போகும்.

1747-ல் ஜேம்ஸ் லிண்ட் என்ற கப்பல் டாக்டர், 12 நோயாளிகளை இரண்டிரண்டு பேராகப் பிரித்து ஆறு விதமான வைத்தியம் செய்து பார்த்தார். ஆரஞ்சும் எலுமிச்சையும் சாப்பிட்ட இருவரும்தான் மளமளவென்று தேறினார்கள். 1795-ல் கப்பற்படையே எலுமிச்சைச் சாறு கொடுக்க ஆரம்பித்தது.

லிண்ட் கொடுத்தது பெரிய, மஞ்சள் நிற 'லெமன்'. 1860-களில் அதை விட்டுவிட்டு, மேற்கிந்தியத் தீவுகளின் 'லைம்' பழத்துக்கு மாறினார்கள். நம் வீட்டு எலுமிச்சையும் இந்த லைம் இனம்தான். இதில் வைட்டமின் 'சி' குறைவு. போதாததற்கு, சாறு செம்புக் குழாய்களில் ஓடி, நாள்கணக்கில் தேங்கி, இருந்த சத்தையும் இழந்தது. விளைவு? 1875-ல் வட துருவப் பக்கம் போன கப்பல்களில், சாறு குடித்தும் ஸ்கர்வி வந்தது!

1867-ல் லாக்லன் ரோஸ் என்பவர், சர்க்கரை சேர்த்து லைம் சாற்றைக் கெடாமல் பாதுகாக்கும் முறைக்குக் காப்புரிமை பெற்றார். கப்பற்படை அதிகாரிகள் இந்த இனிப்புச் சாற்றை ஜின்னில் கலந்து குடித்தார்கள். கிம்லெட் என்ற டாக்டர் சொல்லிக் கொடுத்ததால் அந்தப் பெயர் என்பார்கள் சிலர். பீப்பாயில் துளை போடும் கருவியின் பெயர் என்பார்கள் வேறு சிலர்.

சரி, எப்படிக் கலக்கிறார்கள்? 1922-ல் ஹாரி மெக்கல்ஹோன் எழுதிய காக்டெயில் புத்தகத்தில் ஜின் பாதி, ரோஸ் சாறு பாதி. இன்றைய பார்களில் சுமார் 60 மி.லி. ஜின், 20 மி.லி. எலுமிச்சைச் சாறு, கொஞ்சம் சர்க்கரைப் பாகு. ஐஸ் போட்டுக் குலுக்கி, வடிகட்டி ஊற்றுவார்கள்.

அந்த 60 மி.லி. ஜின்னில் கிட்டத்தட்ட 20 கிராம் ஆல்கஹால் இருக்கிறது! 'பாதுகாப்பான அளவு என்று மதுவில் எதுவும் கிடையாது' என்று உலக சுகாதார நிறுவனம் 2023-ல் சொல்லிவிட்டது. வேடிக்கை என்னவென்றால், சரியாகச் சாப்பிடாமல் அளவில்லாமல் குடிப்பவர்களுக்கு இன்றைக்கும் ஸ்கர்வி வருகிறது.

உங்கள் சமையலறைக்கும் இதில் பாடம் உண்டு. சூடும் காற்றும் செம்பும் வைட்டமின் 'சி'-க்கு எதிரிகள். ரசமோ, சாதமோ, அடுப்பிலிருந்து இறக்கி, சூடு தணிந்த பிறகே எலுமிச்சை பிழியுங்கள். செம்பு, பித்தளைப் பாத்திரம் வேண்டாம். பிழிந்த சாற்றை நாள்கணக்கில் வைக்காதீர்கள். நெல்லிக்காய், கொய்யாவில் இதைவிட அதிகச் சத்து இருக்கிறது. தினம் ஏதாவது ஒரு பழம் சாப்பிடுங்கள். எலுமிச்சைக்கு ஜின்னின் துணை தேவையே இல்லை!