சிறு புல்தரையும் பெரிய கணக்கும்

அமெரிக்க நாட்டின் புறநகர்களில் வீடு என்றால், அதன் முன்னும் பின்னும் புல்தரை இருப்பது பெருவழக்கு. புல் வளரும் பருவத்தில் வாரம் ஒருமுறை அதை வெட்டியாக வேண்டும். வெட்டாது விட்டால் அயலார் முகம் சுளிப்பர். பல ஊர்களில் நகராட்சியே அபராதம் விதிக்கும். இதற்கென்று அந்நாட்டு வீட்டுக் கொட்டகைகளில் மூன்று கருவிகள் நெடுங்காலமாக இடம்பிடித்திருந்தன. ஒன்று, தள்ளிச் செல்லும் புல்வெட்டும் எந்திரம். மற்றொன்று, அது எட்டாத ஓரங்களைச் சுழலும் நைலான் நரம்பினால் சீவும் கருவி. மூன்றாவது, சருகுகளைக் காற்றால் ஊதித் தள்ளும் கருவி. மூன்றும் பெட்ரோலில் ஓடியவை. அமெரிக்கர் பெட்ரோலைக் 'காஸ்' என்பர்; நம்மவர் அதைக் கேட்டுச் சமையலறைச் சிலிண்டரை நினைத்துக்கொண்டால் குற்றமில்லை!

இன்று அந்த இடத்தை லித்தியம் பாட்டரி பிடித்து வருகிறது. இம்மாற்றம் தேவைதானா? யாருக்கு எளிது, யாருக்குக் கடினம்? புல்லிலும் ஆராய்ச்சியா என்று நகைக்கும் நண்பர்கள் சற்றுப் பொறுத்தருள வேண்டும். நாம் பாடப்புத்தகத்தில் படித்த ஆற்றல், திறன், பயனுறுதி ஆகிய மூன்றும் இந்தப் புல்தரையில் வந்து நிற்கின்றன.

முதலில் எஞ்சினைக் காண்போம். ஓரம் சீவும் கருவியையும் சருகு ஊதும் கருவியையும் கையில் தூக்கிப் பிடிக்க வேண்டும். ஆகவே எடை குறைவாக இருக்க வேண்டும். அதனால் அவற்றில் பெரும்பாலும் இரண்டு வீச்சு எஞ்சினையே பொருத்தினர். அதில் வால்வு இல்லை. எண்ணெய்க்கெனத் தனித் தொட்டியும் இல்லை. பெட்ரோலிலேயே எண்ணெயைக் கலந்து ஊற்றுவர். பிஸ்டன் கீழிறங்கும்போது புகை வெளியேறும் துளையும் புதிய கலவை உள்ளே வரும் துளையும் சிறிது நேரம் ஒருங்கே திறந்திருக்கும். உள்ளே வரும் கலவைதான் பழைய புகையை நெட்டித் தள்ளுகிறது. அப்படித் தள்ளும்போது அதில் ஒரு பகுதி எரியாமலேயே புகையோடு சேர்ந்து வெளியே ஓடிவிடும். பழைய எஞ்சின்களில் இவ்வாறு வீணாவது ஊற்றிய பெட்ரோலில் ஏறத்தாழ நான்கில் ஒரு பங்கு! தள்ளிச் செல்லும் எந்திரத்தில் பெரும்பாலும் நான்கு வீச்சு எஞ்சின் இருப்பதால் இந்தக் குறை அதில் இல்லை. ஆயினும் கார்களின் புகைபோக்கியில் நச்சைக் குறைக்கும் வினையூக்கிக் கலம் இருப்பதுபோல் இச்சிறு எஞ்சின்கள் பெரும்பாலானவற்றில் இருப்பதில்லை.

இதன் விளைவைக் கலிபோர்னியா மாநிலத்தின் காற்றுவள வாரியம் கணக்கிட்டது. தொழில்முறைச் சருகூதி ஒன்றை ஒரு மணி நேரம் இயக்கினால் எழும் புகைமூட்ட மாசு, புதிய கார் ஒன்றை 1,100 மைல் ஓட்டுவதால் எழும் மாசுக்கு ஈடாகும் என்றது. நம் கணக்கில் சொன்னால், புதுதில்லியில் ஜி.டி. எக்ஸ்பிரஸ் ஏறி ஏறத்தாழ விசயவாடா வந்து சேரும் தூரம். புல்வெட்டும் எந்திரத்துக்கோ அது 300 மைல். இங்கே ஓர் எச்சரிக்கை: இந்த ஒப்பீடு புகைமூட்டத்தை உண்டாக்கும் பொருள்களுக்கு மட்டுமே உரியது. கரியமில வாயுவின் கணக்கு வேறு. 1,100 மைல் ஓடிய கார்தான் பெட்ரோலை மிகுதியாகக் குடித்திருக்கும். மேடையில் பேசுவோர் இரண்டையும் ஒன்றாக்கிப் பேசுவதுண்டு. நாம் அவ்வாறு செய்யலாகாது.

இக்கணக்கின் பயனாக 2021 அக்டோபரில் அம்மாநிலத்தில் சட்டம் ஒன்று கையொப்பமாயிற்று. அதே ஆண்டு டிசம்பரில், 2024ஆம் ஆண்டு மாடல் முதல் இத்தகைய புதிய கருவிகள் பெரும்பாலானவை புகையின்றி இயங்க வேண்டும் என வாரியம் விதி வகுத்தது. வீட்டில் இருக்கும் பழைய எந்திரத்தை ஓட்டக் கூடாதென்று அவ்விதி சொல்லவில்லை. தலைநகர் வாஷிங்டனோ மேலும் ஒரு படி சென்று, பெட்ரோல் சருகூதிகளின் விற்பனையையும் பயன்பாட்டையும் 2022 ஜனவரி முதல் தடை செய்தது.

நிற்க. பாட்டரியால் வேலை முடியுமா என்பதல்லவா கேள்வி? ஒரு லிட்டர் பெட்ரோலில் ஏறத்தாழ 9,000 வாட்-மணி ஆற்றல் உண்டு. 36 வோல்ட், 5 ஆம்பியர்-மணி பாட்டரியில் இருப்பதோ 36 × 5 = 180 வாட்-மணி மட்டுமே. இந்த இரண்டு எண்களை மட்டும் பார்த்தால் பாட்டரி நகைப்புக்கு இடமாகும்.

ஆனால் தரையின் அளவையும் பார்க்க வேண்டும். 300 சதுர மீட்டர் புல்தரை ஒன்றைக் கொள்வோம். எந்திரத்தின் வெட்டும் அகலம் 53 சென்டிமீட்டர். ஒரு வரி மற்றொன்றின்மேல் சிறிது படியுமாறு வெட்டினால் பயன்படும் அகலம் 48 சென்டிமீட்டர். நடக்க வேண்டிய தூரம் 300-ஐ 0.48-ஆல் வகுத்து வருவது, அதாவது 625 மீட்டர். மணிக்கு 4 கிலோமீட்டர் வேகத்தில் நடந்தால் பத்து நிமிடத்துக்குள் முடியும். திரும்புவதற்கும் சேர்த்துக் கால் மணி என்று கொள்வோம். உலர்ந்த, அளவான புல்லுக்குச் சராசரியாக 700 வாட் தேவை எனில், 700 × ¼ = 175 வாட்-மணி. ஒரு பாட்டரியில் வேலை முடிந்தது!

அதே கால் மணியில் பெட்ரோல் எந்திரம், மணிக்கு ஒரு லிட்டர் வீதம், கால் லிட்டர் குடிக்கும். அதாவது 2,250 வாட்-மணி. பாட்டரி கொடுத்ததைப்போல் ஏறத்தாழப் பதின்மூன்று மடங்கு. மிகுதியெல்லாம் எங்கே போயிற்று? வெப்பமாகவும், அதிர்வாகவும், இரைச்சலாகவும் போயிற்று. பாட்டரியை மீண்டும் நிரப்ப, இழப்பையும் சேர்த்து, ஐந்தில் ஒரு யூனிட் மின்சாரம் போதும். நம் விடுதி அறையின் 75 வாட் மின்விசிறி இரண்டரை மணி நேரத்துக்குமேல் சுழன்றால் அவ்வளவு ஆகிவிடும்.

கணக்கு கச்சிதமாக வந்ததென்று மகிழ்ந்துவிட வேண்டாம். மழை பெய்து இரண்டு வாரம் வெட்டாத ஈரப்புல்லுக்கு இரண்டு மடங்கு ஆற்றல் வேண்டியிருக்கும். அப்போது பாதித் தரையில் எந்திரம் நின்றுவிடும். ஆகவே ஒருமுறையில் புல்லின் உயரத்தில் மூன்றில் ஒரு பங்குக்கு மேல் வெட்டாதிருப்பது நல்லது. புல்லின் நலத்துக்கென்று தோட்டக்கலையார் சொல்லிவந்த இவ்விதி பாட்டரிக்கும் பொருந்துகிறது. மிகச் சிறிய தரையாயின் பாட்டரியும் வேண்டாம். இங்கிலாந்தில் ஸ்ட்ரவுட் ஊருக்கருகே எட்வின் பட்டிங் என்பவர் 1830இல் உரிமம் பெற்ற உருளைவெட்டி இன்றும் விற்பனையில் உள்ளது. கையால் தள்ளினால் அதுவே வெட்டும்.

வாங்குவோர் பெட்டியின்மேல் அச்சிட்ட எண்ணைக் கண்டு மயங்குதல் கூடாது. பாட்டரிக்குள் பத்துச் சிறு கலங்கள் தொடராக இணைந்துள்ளன. ஒவ்வொன்றின் இயல்பான மின்னழுத்தம் 3.6 வோல்ட், ஆகவே மொத்தம் 36. நிரம்பிய நிலையில் அது 40-ஐத் தாண்டும். அதனால் ஐரோப்பாவில் 36 வோல்ட் என விற்கும் பாட்டரி அமெரிக்காவில் 40 வோல்ட் எனப் பெயர் பூண்டு நிற்கிறது! வோல்ட்டையும் ஆம்பியர்-மணியையும் பெருக்கி வரும் வாட்-மணியே பார்க்க வேண்டிய எண். மேலும் ஒரு கம்பெனியின் பாட்டரி மற்றொன்றின் கருவியில் பொதுவாகப் பொருந்தாது. எந்திரத்தின் விலையில் பெரும்பங்கு பாட்டரிக்கே போவதால், மூன்று கருவிகளையும் ஒரே வகையில் வாங்கி ஒரே பாட்டரியை மாற்றி மாற்றிப் பொருத்துவதே சிக்கனம். என் கருத்தில் முதலில் மாற்ற வேண்டியவை கையில் பிடிக்கும் இரண்டு கருவிகளே. புகை மிகுந்தவை அவையே. பழைய நான்கு வீச்சுப் புல்வெட்டி நன்றாக ஓடுமாயின், அது பழுதாகும்வரை காத்திருக்கலாம்.

இதுவரை சொன்னது தன் வீட்டுப் புல்லைத் தானே வெட்டுவோரின் கணக்கு. கூலிக்கு வெட்டுவோரின் கணக்கு வேறு. கலிபோர்னியாவில் தோட்ட வேலை செய்வோருள் மிகப் பலர் மெக்சிகோ முதலிய நாடுகளிலிருந்து குடியேறிய உழைப்பாளர். வீட்டுக்காரர் வாரத்தில் கால் மணி நேரம் முகரும் புகையை அவர்கள் நாள் முழுவதும் முகர்கின்றனர். இரைச்சலும் அப்படியே. 85 டெசிபெல் ஒலியை எட்டு மணி நேரம் கேட்கலாம். ஒவ்வொரு 3 டெசிபெல் கூடும்போதும் அந்நேரம் பாதியாகும் என்பது அமெரிக்கத் தொழில்நல ஆய்வு நிறுவனத்தின் பரிந்துரை. 100 டெசிபெல் என்றால் கால் மணிதான் மிச்சம். பெட்ரோல் சருகூதியைத் தோளில் சுமப்பவரின் செவிக்கு எட்டுவது ஏறத்தாழ அந்த அளவே.

அப்படியாயின் பாட்டரியை அவர்கள் கைதட்டி வரவேற்றிருக்க வேண்டுமல்லவா? நடந்தது வேறு. லாஸ் ஏஞ்சல்ஸ் நகரம் குடியிருப்புகளுக்கு அருகே பெட்ரோல் சருகூதிகளைத் தடை செய்தபோது, 1998 ஜனவரியில் தோட்டத் தொழிலாளர் நகர மன்றத்தின்முன் உண்ணாவிரதம் இருந்தனர். ஊதி முடிக்கும் வேலையைத் துடைப்பத்தால் செய்தால் நேரம் கூடும். வீட்டுக்காரர் கூலியைக் கூட்டுவாரா? அன்று நல்ல பாட்டரிக் கருவியும் கிடையாது. இன்று கிடைக்கிறது, ஆனால் முழு வேகத்தில் 800 வாட் இழுக்கும் சருகூதி, நாம் கண்ட 180 வாட்-மணிப் பாட்டரியைப் பதினான்கு நிமிடத்துக்குள் தீர்த்துவிடும். நாளொன்றுக்குப் பத்து வீடு செல்பவர் வண்டி நிறையப் பாட்டரி வாங்க வேண்டும். சட்டத்தோடு கலிபோர்னியா அரசு மூன்று கோடி டாலர் உதவித்தொகை ஒதுக்கியதன் காரணம் இதுவே. செவியும் மூச்சும் அவருடையவை. செலவும் அவர் தலையிலேயே விழுமாயின் அது நீதியாகாது.

பாட்டரியைப் பேணும் முறையையும் சொல்லிவிட வேண்டும். உறைநிலைக்குக் கீழே குளிர்ந்த பாட்டரிக்கு மின்னேற்றினால் உள்ளே லித்தியம் உலோகமாகப் படிந்து அதைக் கெடுக்கும். கோடை வெயிலில் மூடிய காருக்குள் வைப்பதும் கேடு. குளிர்காலத்தில் வேலையில்லாதபோது, பாதியளவு நிரப்பி வீட்டினுள் குளிர்ச்சியான இடத்தில் வைக்கலாம். ஆயுள் முடிந்த பாட்டரியைக் குப்பைத் தொட்டியில் போடலாகாது. குப்பை வண்டியில் நசுங்கித் தீப்பற்றும். அந்நாட்டின் பெரிய கருவிக் கடைகள் பலவற்றில் அதற்கெனச் சேகரிப்புப் பெட்டி உண்டு. பழைய எந்திரத்தில் எஞ்சிய பெட்ரோலைச் சாக்கடையில் ஊற்றாமல், ஊராட்சிகள் நடத்தும் நச்சுக்கழிவுச் சேகரிப்பு நிலையத்தில் ஒப்படைக்க வேண்டும்.