கலந்தாலோசனை யார் கடமை?

கேள்வி: கனடாவில் பூர்வகுடி மக்களைக் கலந்தாலோசிக்க வேண்டும் என்ற விதியை எண்ணெய், சுரங்க நிறுவனங்கள் எதிர்க்கின்றனவா?

பதில்: பெரும்பாலும் விதியை எதிர்ப்பதில்லை, அவர்கள் குறை வேறு. அந்தக் கடமை அரசுடையது என்று 2004இல் ஹைடா என்ற பூர்வகுடி மக்களின் வழக்கில் உச்ச நீதிமன்றம் சொல்லிவிட்டது. ஆனால் ஊர் ஊராகப் போய்ப் பேசும் வேலையில் பெரும்பகுதி நிறுவனங்களின் தலையில்தான் விழுகிறது. அரசு தன் பங்கில் தவறினாலும் நட்டம் அவர்களுக்கே. 2016இல் நார்தர்ன் கேட்வே, 2018இல் டிரான்ஸ் மவுன்டன் என இரு குழாய்த் திட்டங்களின் அனுமதி அப்படித்தான் ரத்தானது. நிறுவனங்களின் இந்தக் குறையில் நியாயம் உண்டு. ஆனால் தீர்வாகக் கலந்தாலோசனைக்கான காலக்கெடுவை மட்டுமே பேசுகிறவர்களோடு எனக்கு உடன்பாடில்லை. டிரான்ஸ் மவுன்டன் வழக்கில் நீதிமன்றம் கண்ட முக்கியக் குறை, அதிகாரிகள் மக்கள் சொன்னதைக் குறித்துக்கொண்டதோடு நின்றுவிட்டார்கள் என்பது. அவசரப்படுத்தினால் அதுதான் மறுபடியும் நடக்கும்.