போன பாக்கெட் திரும்பி வருகிறதா?

எங்கள் வீட்டில் கீழே அண்ணன் குடும்பம், மாடியில் நாங்கள். கீழே ஃபைபர் இணைப்போடு வந்த ரவுட்டர். மாடியில் நானே வாங்கி ஓப்பன்-டபிள்யூஆர்டி ஏற்றிய ரவுட்டர். மாடி ரவுட்டரின் வான் போர்ட்டிலிருந்து ஒரு லேன் கேபிள் கீழே போகிறது. கீழேயுள்ள சிசிடிவி ரெக்கார்டரை மாடியில் பார்க்க வேண்டும். மாடியிலிருக்கும் சேமிப்புப் பெட்டியில் உள்ள குடும்பப் படங்களை அண்ணன் மகள் கீழேயிருந்தே திறக்க வேண்டும். தேவை அவ்வளவுதான். இதே மாதிரி இணைப்பைச் சொந்தக்காரர்கள் வீடுகளிலும் சரிசெய்து கொடுத்திருக்கிறேன். பாக்கெட் போகும் வழியை எல்லோரும் பார்க்கிறார்கள். அது திரும்பி வரும் வழியை யாரும் பார்ப்பதில்லை. பெரும்பாலான சிக்கல் அங்கேதான் இருக்கிறது.

அதற்கு முன் எண்களைப் பாருங்கள். இரண்டு ரவுட்டரும் கடையிலிருந்து வந்தபடியே 192.168.1 என்ற வரிசையைக் கொடுத்துக்கொண்டிருந்தால் எந்த அமைப்பும் வேலை செய்யாது. எதிர்முனை தன் பக்கத்திலேயே இருப்பதாக நம்பும் கணினி, ‘இந்த முகவரி யாருடையது’ என்று தன் நெட்வொர்க்குக்குள்ளேயே ஏஆர்பியில் கேட்டுக்கொண்டிருக்கும். பாக்கெட்டை கேட்வேயிடம் கொடுக்கவே கொடுக்காது. விண்டோஸில் பிங் செய்யும்போது ‘டெஸ்டினேஷன் ஹோஸ்ட் அன்ரீச்சபிள்’ என்று உங்கள் கணினியின் முகவரியிலிருந்தே பதில் வந்தால் அதற்கு இதுவே பொருள். ‘ரிக்வெஸ்ட் டைம்ட் அவுட்’ வேறு கதை: பாக்கெட் வெளியே போய்விட்டது, பதில்தான் வரவில்லை. கீழே 192.168.1 இருக்கட்டும் என்று விட்டு, மாடியை 192.168.20 ஆக்கினேன்.

மாடியிலிருந்து கீழே எல்லாம் தெரிகிறது, கீழேயிருந்து மாடி மட்டும் தெரியவில்லை என்றால் மாடி ரவுட்டர் நேட் செய்கிறது. மாடிக் கணினிகள் எல்லாம் கீழே போகும்போது, மாடி ரவுட்டரின் வான் போர்ட்டுக்கு உள்ள 192.168.1.2 என்ற ஒரே முகவரியாகத் தெரிகின்றன. அதனால் பதில் திரும்புவது சுலபம். ஆனால் கீழேயிருந்து புதிதாகத் தொடங்க வழியில்லை. அந்த நேட்டை, அதாவது மாஸ்கரேடிங்கை எடுத்துவிட்டு, வான் பக்கத்திலிருந்து உள்ளே வர ஃபயர்வாலில் அனுமதி கொடுக்க வேண்டும். அதைச் செய்த உடனே மாடி முழுவதும் இணையம் நின்றுபோகும். பயப்பட வேண்டாம். கீழ் ரவுட்டருக்கு 192.168.20 எங்கே இருக்கிறது என்று யாரும் சொல்லவில்லை, அவ்வளவுதான். அதன் ஸ்டாடிக் ரூட் பக்கத்தில் 192.168.20.0, மாஸ்க் 255.255.255.0, கேட்வே 192.168.1.2 என்று ஒரு வரி சேர்த்தால் பதில்களுக்கு வழி கிடைத்துவிடும். சில ரவுட்டர்கள் தங்கள் சொந்த சப்நெட்டுக்கு மட்டுமே இணையத்துக்கு நேட் செய்யும். சிலவற்றில் ஸ்டாடிக் ரூட் பக்கமே கிடையாது. அப்படிப்பட்டவற்றோடு மல்லுக்கட்டாமல் வேறு ரவுட்டர் போடுவதே நல்லது என்பது என் கருத்து.

இதற்கு அப்புறம் வருவதுதான் பலரையும் தூங்கவிடாத சிக்கல். பிங் போகிறது. ட்ரேஸ்ரூட் சரியாக இருக்கிறது. ஆனால் படங்கள் திறக்கவில்லை. கீழ்க் கணினி பாக்கெட்டைத் தன் கேட்வேயான 192.168.1.1-க்கு அனுப்புகிறது, அது 192.168.1.2-க்குத் தள்ளிவிடுகிறது. பதிலோ மாடி ரவுட்டரிலிருந்து நேராகக் கீழ்க் கணினிக்கே போய்விடுகிறது, ஏனென்றால் இரண்டும் ஒரே சப்நெட்டில் இருக்கின்றன. கீழ் ரவுட்டர் உரையாடலின் ஒரு பாதியை மட்டுமே பார்க்கிறது. டிசிபி இணைப்பின் முதல் சின் பாக்கெட்டைப் பார்த்தது, அதற்கு வந்த பதிலைப் பார்க்கவில்லை. அடுத்து வரும் பாக்கெட்டை அதன் ஃபயர்வால் செல்லாதது என்று தூக்கிப் போட்டுவிடுகிறது. பிங்குக்கு இப்படிப்பட்ட கைகுலுக்கல் இல்லாததால் அது தப்பித்துவிடுகிறது. எனவே பிங் போனதை வைத்து ‘ரூட்டிங் சரி’ என்று முடிவுகட்டாதீர்கள்.

இதை ஊகிக்கவேண்டிய அவசியமில்லை. மாடி ரவுட்டரில் டிசிபிடம்ப்பை ஓடவிட்டு இரு பக்கமும் பார்த்தால் போதும்: கோரிக்கை எந்த இன்டர்ஃபேஸில் நுழைகிறது, பதில் எதில் வெளியேறுகிறது என்று கண்ணெதிரே தெரியும். ஒரு வீட்டுக்கு இதைவிட நல்ல கருவி எனக்குத் தெரியாது. தீர்வு இரண்டு. கீழ்க் கணினியிலேயே ‘ரூட் ஆட்’ கட்டளையை ‘-பி’ சேர்த்துக் கொடுத்து, மாடிக்கு நேர்வழியை நிரந்தரமாகப் பதிவுசெய்யலாம். கணினிகள் நிறைய இருந்தால் டிஎச்சிபியின் 121-ஆம் ஆப்ஷன் வழியாக எல்லாவற்றுக்கும் அந்த வழியைச் சொல்லிக் கொடுக்கலாம். கீழ் ரவுட்டர் அதற்கு இடம் தர வேண்டும். இதைவிட எனக்குப் பிடித்தது, இரண்டு ரவுட்டர்களுக்கும் நடுவே 10.0.0.0/30 என்று தனியாக ஒரு குட்டி நெட்வொர்க் வைப்பது. போவதும் வருவதும் இரண்டு ரவுட்டர்கள் வழியாகவே நடக்கும்.

எல்லாம் சரியாகியும் ஒரே ஒரு விண்டோஸ் கணினி மட்டும் பிங்குக்குப் பதில் சொல்லவில்லை என்றால் ரூட்டைத் தொடாதீர்கள். தனியார் நெட்வொர்க்கில் அதன் ஃபயர்வால் வழக்கமாக உள்ளூர் சப்நெட்டுக்கு மட்டுமே கதவு திறக்கும், 192.168.20-ஐ அந்த விதியில் சேர்த்தால் போதும். பிரிண்டர் தானாகப் பட்டியலில் தெரியவில்லை என்பதும் ரூட்டிங் கோளாறு இல்லை. பிரிண்டரைத் தேடும் எம்டிஎன்எஸ் அறிவிப்பு 224.0.0.251-க்குப் போகிறது, ரவுட்டர்கள் அதை அடுத்த நெட்வொர்க்குக்குக் கடத்துவதில்லை. பிரிண்டரின் முகவரியை டிஎச்சிபியில் நிலையாக ஒதுக்கி, கணினியில் அதைக் கையால் சேர்த்துவிடுங்கள்.