வெட்டுவதற்கு முன் இரண்டு பதிவேடுகளைத் திறந்து பாருங்கள்

பள்ளி மேலாண்மைக் குழுவுக்குப் புதிதாக வந்திருக்கும் அம்மாக்களுக்கும் தம்பிகளுக்கும் இதை எழுதுகிறேன். காஞ்சிபுரம் பிள்ளையார்பாளையத்தில் தறிக்காரர் வீட்டில் பிறந்து, அரசுப் பள்ளி ஆசிரியராகி, தலைமையாசிரியராக ஓய்வு பெற்றவன் நான். பணம் வந்தால் எப்படிச் செலவழிப்பது என்று சொல்லப் பலர் வருவார்கள். பணம் குறைந்தால் எதை நிறுத்துவது என்று சொல்லித்தர ஒருவரும் வருவதில்லை. பிஎம் ஸ்ரீ பள்ளித் திட்ட ஒப்பந்தத்தில் தமிழ்நாடு கையெழுத்திடவில்லை என்று, சமக்ர சிக்ஷா என்னும் பள்ளிக் கல்வித் திட்டத்தின் 2024-25ஆம் ஆண்டு நிதி 2,152 கோடி ரூபாயை ஒன்றிய அரசு நிறுத்தி வைத்தது. அப்படி மேலே நிற்கும் பணத்தின் வலியைக் கடைசியில் தாங்குவது வகுப்பறைதான். அந்த நாள் உங்களுக்கும் வரலாம். அதற்காகச் சில வார்த்தைகள்.

1. உங்கள் கையில் இருப்பது எவ்வளவு என்று முதலில் தெரிந்துகொள்ளுங்கள்.
ஆசிரியர் சம்பளம், பாடநூல், சத்துணவு இவையெல்லாம் உங்கள் மேசைக்கு வருவதில்லை. வருவது பள்ளி மானியம். சமக்ர சிக்ஷா விதிப்படி 30 பிள்ளைகள் வரை 10,000 ரூபாய், 100 வரை 25,000, 250 வரை 50,000, 1,000 வரை 75,000, அதற்கு மேல் 1 லட்சம். அதில் பத்தில் ஒரு பங்காவது தூய்மைக்குப் போக வேண்டும். 250 பிள்ளைகள் படிக்கும் பள்ளியில் கணக்குப் போட்டுப் பாருங்கள், தலைக்கு ஆண்டுக்கு 200 ரூபாய். இதிலிருந்து வெட்டும் ஒவ்வொரு ரூபாயும் ஏதோ ஒரு பிள்ளையின் மேல் விழும்.

2. வரவு செலவுக் கணக்கோடு வருகைப் பதிவேட்டையும் திறந்து வையுங்கள்.
எவ்வளவு மிச்சமாகும் என்று முதல் நோட்டு சொல்லும். யார் வராமல் போவார் என்று இரண்டாவது நோட்டு சொல்லும். 1920இல் சென்னை மாநகராட்சித் தலைவராக இருந்த பிட்டி தியாகராயர், ஆயிரம் விளக்குப் பள்ளியில் பிள்ளைக்கு ஓரணாவுக்கு மிகாத செலவில் சிற்றுண்டி போட ஏற்பாடு செய்தார். பிள்ளைகள் கூடினார்கள், திட்டம் வேறு பள்ளிகளுக்கும் பரவியது. தொடக்கக் கல்வி நிதியிலிருந்து சாப்பாட்டுக்குச் செலவழிக்கக் கூடாது என்று ஆங்கில அரசு சொன்னதால் 1925இல் அது நின்றது. கணக்கு அதிகாரியின் பார்வையில் அது பள்ளிக்குத் தொடர்பில்லாத செலவு. பசித்த பிள்ளைக்கோ அதுதான் பள்ளிக்கு வரும் வழி. 1956இல் காமராசர் மதிய உணவைத் தொடங்கியதும், 1982இல் எம்.ஜி.ஆர். அதைச் சத்துணவாக விரித்ததும், நம் ஊர் அண்ணாவின் பிறந்த நாளான செப்டம்பர் 15 அன்று 2022இல் காலை உணவு தொடங்கியதும் இந்தப் பாடத்தைப் படித்ததன் பலன்தான்.

3. பள்ளி நேரத்தைக் குறைத்துச் சிக்கனம் தேடாதீர்கள்.
1953இல் முதலமைச்சர் ராஜாஜிக்கும் நம்முடைய தொல்லைதான். பிள்ளைகள் அதிகம், பணம் குறைவு. கிராமத் தொடக்கப் பள்ளிகளில் நாளுக்கு மூன்று மணி நேரம் மட்டும் பாடம், மீதி நேரம் பெற்றோரின் தொழிலைக் கற்கட்டும் என்றார். இருக்கிற கட்டடத்தையும் ஆசிரியரையும் கொண்டே இரண்டு மடங்குப் பிள்ளைகளுக்குப் பாடம் நடத்தலாம் என்பது கணக்கு. பெரியாரும் அண்ணாவும் அதைக் குலக்கல்வி என்று எதிர்த்தார்கள். 1954இல் காமராசர் முதல்வரானதும் அது கைவிடப்பட்டது.

அரை நாள் என்றால் என்ன என்று தறிக்காரர் வீட்டுக்குத் தெரியும். கோர்வைச் சேலையில் உடல் ஒரு நிறம், கரை வேறு நிறம். கரை நூல் ஓட்டும் நாடாவை வாங்கித் தள்ள, நெய்பவர் பக்கத்தில் இன்னொரு ஆள் உட்கார வேண்டும். பல வீடுகளில் அந்த ஆள் ஒரு பிள்ளை. நானும் உட்கார்ந்திருக்கிறேன். பள்ளி விட்டுக்கொடுக்கும் ஒரு மணி நேரத்தையும் தறி எடுத்துக்கொள்ளும்.

4. பாவு எது, ஊடை எது என்று பிரித்துப் பாருங்கள்.
குறுக்கே ஓடும் ஊடை அறுந்தால் அதே இடத்தில் மறுபடி நாடாவை ஓட்டலாம். நீளவாக்கில் ஓடும் பாவு இழை அறுந்ததைக் கவனிக்காமல் நெய்தால் சேலையின் நீளம் முழுக்கக் கோடு விழும். செலவும் அப்படித்தான். சுற்றுச்சுவர் வண்ணமும் ஆண்டு விழாப் பந்தலும் அடுத்த ஆண்டுக்குக் காத்திருக்கும். மூன்றாம் வகுப்பில் எழுத்துக்கூட்டத் தடுமாறும் பிள்ளையும், தண்ணீர் இல்லாத பெண்கள் கழிப்பறையும் காத்திருக்கக் கூடாது. பூப்பெய்திய பெண் மாதத்தில் சில நாள் வராமல் இருப்பதில் தொடங்கி, ஒரேயடியாக நின்றுவிடுவதைப் பார்த்திருக்கிறேன்.

5. ஓவியத்தையும் விளையாட்டையும் ‘கூடுதல்’ என்று ஒதுக்காதீர்கள்.
முதல் வெட்டு எப்போதும் இங்கேதான் விழும். 2012இல் ஓவியம், உடற்கல்வி, இசை, தையல் போன்றவற்றுக்கு 16,549 பகுதிநேர ஆசிரியர்கள் 5,000 ரூபாய் மாத ஊதியத்தில் அமர்த்தப்பட்டார்கள். இவ்வளவு குறைந்த கூலிக்கு அவர்கள் தந்தது பெரிது. நம் ஊர்ச் சேலையின் யாளியும் அன்னமும் முதலில் வரையப்பட்டுத்தான் தறிக்குப் போகின்றன. கணக்கில் பின்தங்கிய பிள்ளை ஓவிய வகுப்புக்காகவே பள்ளிக்கு வருவான். அந்த ஒரு வகுப்பை எடுத்துவிட்டால் அவனுக்குப் பள்ளியில் என்ன மிச்சம்?

6. கூட்டத்துக்கு வராத வீட்டுக்குப் போங்கள்.
குழுவில் முக்கால் பங்கு பெற்றோர், பாதிப் பேர் பெண்கள் என்பது 2009ஆம் ஆண்டுக் கல்வி உரிமைச் சட்டம். வருபவர் குரல் பதிவாகும். கூலிக்கு நெய்யும் தாய் தறியை விட்டு எழுந்து வர முடியாது. வெட்டு முதலில் தொடுவது அவள் பிள்ளையைத்தான். முடிவெடுக்கும் முன் அவளிடம் கேளுங்கள்.

7. என் தவற்றிலிருந்து கற்றுக்கொள்ளுங்கள்.
ஒரு பள்ளியில் மாலைப் படிப்பு வகுப்பு நடந்தது. தறி வீட்டில் கூடம் முழுக்கத் தறிதான், பிள்ளை புத்தகம் விரிக்க இடம் இருக்காது. அதற்காகவே அந்த வகுப்பு. சுண்டல் செலவும் காவலாள் கூலியும் கட்டுப்படியாகவில்லை என்று நான்தான் நிறுத்தினேன். பொங்கலுக்குள் இரண்டு பிள்ளைகள் தறியடிக்குப் போய்விட்டார்கள். அன்று மிச்சம் பிடித்த தொகை எனக்கு நினைவில்லை. பதிவேட்டில் நான் அடித்த இரண்டு பெயர்களும் நினைவிருக்கின்றன.

8. கணக்கை எல்லாரும் பார்க்க எழுதுங்கள்.
நம் மாவட்டத்து உத்திரமேரூரில் முதலாம் பராந்தகன் காலக் கல்வெட்டு இருக்கிறது. வாரியத்தில் இருந்து கணக்குக் காட்டாதவரும் அவர் உறவினரும் மறுபடி வாரியத்தில் இருக்கக் கூடாது என்கிறது, ஏறத்தாழ 1,100 ஆண்டுகளுக்கு முன்பே. எதை நிறுத்தினீர்கள், ஏன், எவ்வளவு மிஞ்சியது, அது எங்கே போனது என்று பலகையில் எழுதுங்கள்.

9. நிறுத்தும்போதே மீண்டும் தொடங்கும் தேதியையும் தீர்மானத்தில் சேருங்கள்.
தேதி போடாமல் நிறுத்தியது திரும்பி வந்து நான் பார்த்ததில்லை. ஆசிரியர் மாறுவார், குழு மாறும், அப்படி ஒரு வகுப்பு இருந்ததே மறந்துபோகும். ‘அடுத்த ஜூன் கூட்டத்தில் மாலை வகுப்பை மறுபடி எடுப்போம்’ என்று ஒரு வரி எழுதியிருந்தால், எனக்குப் பின் வந்தவர் அதைப் படித்திருப்பார். நான் எழுதாமல் விட்ட அந்த வரியை நீங்கள் எழுதுங்கள்.