பாய்மரத்துக்குள் புது கேபிள்

கேள்வி: என்னுடைய 32 அடி பாய்ப்படகு போர்ட் டிக்சனில் நிற்கிறது. அலுமினியப் பாய்மரம். ஆஞ்சான் கயிறுகள் அதற்குள்ளேதான் ஓடுகின்றன. உச்சியில் காற்றின் வேகமும் திசையும் காட்டும் கருவி பொருத்த வேண்டும். பழைய விஎச்எஃப் ஆன்டெனா கேபிளோடு புதியதைக் கட்டி, மரத்தை இறக்காமலே இழுத்துவிடலாம் என்கிறார் நண்பர். சரிதானா? படகு ஆடும் இரவுகளில் அந்தப் பழைய கேபிள் உள்ளே டக் டக்கென்று அடித்துத் தூங்கவிடுவதில்லை.

பதில்: இழுக்கலாம். ஆனால் வேண்டாம் என்பேன். பழைய கேபிள் உள்ளே எங்காவது சிக்கியிருந்தால் பாதி வழியில் நின்றுவிடும். முடிச்சு கழன்றால் புதியதும் ஏறாது, ரேடியோவும் போய்விடும். எல்லாம் சரியாக நடந்தாலும், இரவில் அடிப்பது ஒன்றுக்கு இரண்டு கேபிளாகும். அந்தச் சத்தம் உங்கள் தூக்கத்தை மட்டும் கெடுக்கவில்லை. ஒவ்வொரு அடியிலும் கேபிளின் மேலுறை தேய்கிறது. பாய் ஏற்றும்போதெல்லாம் ஆஞ்சான் கயிறும் அதை அறுக்கிறது.

அதனால் கிரேன் வைத்து மரத்தை இறக்குங்கள். தாங்கிகள் மேல் கிடத்தி, இரு முனையிலிருந்தும் டார்ச் அடித்து உள்ளே பாருங்கள். சில மரங்களில் கேபிளுக்கென்றே தனித் தடம் வைத்திருப்பார்கள். இருந்தால் பாதி வேலை முடிந்தது. இல்லையென்றால், வீட்டு வயரிங்குக்குப் போடும் பிவிசி பைப்பே போதும். கயிறுகளும் குறுக்கு போல்ட்டுகளும் இல்லாத பக்கமாக அதை நுழைத்து, அரை மீட்டருக்கு ஒன்றாக அலுமினிய ரிவெட் அடியுங்கள். ஸ்டீல் ரிவெட் வேண்டாம். உப்புக்காற்றில் அதைச் சுற்றியுள்ள அலுமினியம் அரித்துப்போகும். ரிவெட்டின் உள்முனை கயிற்றில் உரசக் கூடாது. மூன்று கேபிள் டைகளை நட்சத்திரம் போலக் கட்டி, வாலை வெட்டாமல் விட்டு, கேபிளைச் சுவரில் படாமல் நிறுத்தும் முறையும் உண்டு. கயிறுகள் வெளியே ஓடும் மரத்துக்கு அது நல்ல வழி. உங்கள் மரத்தில் அந்த வால்கள் கயிற்றோடு பின்னிக்கொள்ளும்.

காற்றுமானியின் கேபிளை உச்சியிலிருந்து கீழே இறக்குங்கள். நீளம் மிஞ்சினால் வெட்டாமல் கேபினுக்குள் சுருட்டி வையுங்கள். மெல்லிய கம்பிகள், சிறிய சிக்னல். மரத்துக்குள் ஒரு இணைப்புகூட இருக்கக் கூடாது. பலரும் மறப்பது கேபிளின் எடையை. பன்னிரண்டு மீட்டருக்கு மேல் தொங்கும் கேபிளின் பாரம் முழுவதும் உச்சியிலுள்ள பிளக்கில் விழக் கூடாது. அங்கே ஒரு கிளாம்ப் போட்டுப் பாரத்தை அதில் தாங்கவிடுங்கள். பைப்புக்குள் உபரியாக ஒரு நைலான் நூலும் கிடக்கட்டும். அடுத்த கேபிளுக்கு உதவும்.

மரம் கீழே இருக்கும்போதே ஆன்டெனா கேபிளையும் மாற்றிவிடுங்கள். பழையது மெல்லிய ஆர்ஜி-58 என்றால், ரேடியோ வரைக்கும் 15 மீட்டர் ஓடுவதற்குள் 25 வாட்டில் ஏறக்குறைய பாதி வீணாகிறது. எடை கூடினாலும் ஆர்ஜி-213 நல்லது; இடம் போதாவிட்டால் ஆர்ஜி-8எக்ஸ். மலாக்கா நீரிணையில் விடியற்காலையில் வந்து அறையும் சுமத்ரா சூறையில் காற்றுமானியைவிட ரேடியோதான் முக்கியம்.

கேபிள்கள் வெளிவரும் துளைகளை ஒரே மட்டத்தில் போடாதீர்கள், மரம் அங்கே பலவீனமாகும். மேலும் கீழுமாகத் தள்ளித் தள்ளிப் போட்டு, விளிம்பை அரத்தால் மழித்து ரப்பர் கிராமெட் மாட்டுங்கள். மரத்தின் அடிக்கட்டை வழியாக மட்டும் எதையும் வெளியே எடுக்க வேண்டாம். மழைத்தண்ணீர் வந்து தேங்கும் இடம் அது. வெளியே வந்ததும் கேபிளை ஒரு வளைவு தொங்கவிட்டு மேலேற்றினால், நீர் அந்த வளைவிலேயே சொட்டிவிடும்.

மரத்தை நிறுத்துவதற்கு முன், காற்றுமானியைத் திரையோடு இணைத்துக் கிண்ணங்களைக் கையால் சுழற்றுங்கள், திசைகாட்டியைத் திருப்புங்கள். ரேடியோவில் யாரிடமாவது பேசிப் பாருங்கள், உச்சி விளக்கையும் எரியவிடுங்கள். எல்லாம் வேலை செய்தால் கிரேனைக் கூப்பிடலாம்.